எட்டாவது கொக்கி

மே 26

அன்புள்ள குட்டி,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். உன் அத்தானுக்கு முதுகுவலி. அலமாரியை நகர்த்தச் சொன்னால் மட்டும் வருகிற வலி. உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை புட்டியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா உன் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டு நிற்பாள். நம் இருவருக்கும் கடிதம்தான் சரி.

இதோடு ஒரு முன்பதிவுச் சீட்டு வைத்திருக்கிறேன், உன் பெயரில். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாட்ஜ். இரண்டு இரவு தங்கல். நடுவில் சனிக்கிழமை மதியம் ஆற்றில் படகுப் பயணம், காட்டுக்குள் போய்விட்டுத் திரும்புவது. கல்யாணமான புதிதில் நானும் அத்தானும் போன இடம். மூன்று வருஷமாக நீ அந்த ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊரார் ரத்தத்தில் அணு எண்ணிக்கொண்டிருக்கிறாய். இரண்டு நாள் எதையும் எண்ணாமல் இரு.

ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி வந்ததும் எனக்கு விவரமாக எழுத வேண்டும். யார் வந்தார்கள், உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள், எல்லாம்.

மறக்காமல் தொப்பி எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

போய் வந்துவிட்டேன். கண் தேவலை. உங்கள் எல்லாருடைய உடம்பும் பாப்பாவின் அடுத்த பல்லும் எப்படி இருக்கின்றன?

லாட்ஜ் ஒரே வரிசையில் பத்து அறை. கதவைத் திறந்தால் நேராகக் கார் நிறுத்துமிடம். யாராவது வண்டியைக் கிளப்பினால் விளக்கு வெளிச்சம் சுவரில் ஊர்ந்து, கட்டிலைத் தாண்டி, குளியலறைக் கதவில் போய் முடியும். குளியலறையில் சோப்பு தபால்தலை அளவு. விடுதிக்காரம்மா பதிவேட்டில் என் பெயரை எழுதிவிட்டு, “தனியாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் இன்னொரு போர்வை கொடுத்தார். என்ன கணக்கு என்று தெரியவில்லை.

படகுத்துறை லாட்ஜுக்குப் பின்னால் பத்து நிமிட நடை. அங்கே ஒரு மரப்பலகையில் பன்னிரண்டு கொக்கிகள். படகில் ஏறும்போது படகுக்காரர் ஒவ்வொருவர் கையிலும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுக்கிறார். திரும்பி வந்ததும் அவரவர் வில்லையை அவரவர் எண்ணுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி ஒன்று காலியாக இருந்தாலும் படகு திரும்பப் போய்த் தேடும் என்று பலகைக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களை அடுக்கும் தட்டு மாதிரிதான். என் பக்கத்து மேசைக்காரி பார்த்தால் சிரித்திருப்பாள்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். முதல் வளைவு தாண்டியதும் சாலையின் சத்தம் துடைத்தாற்போல் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்திருந்தன. ஓர் இடத்தில் படகுக்காரர் எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகும் நாலைந்து நொடி எஞ்சின் சத்தம் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. எதிரொலி என்றார். எதிரொலிதான். இருந்தாலும் எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு. அங்கே அரை மணி நேரம் இறக்கிவிட்டார். பிறகு திரும்பினோம். நாலு மணிக்குத் துறை. கொண்டுபோன புத்தகத்தில் பதினொரு பக்கம்தான் படித்தேன்.

அனுப்பி வைத்ததற்கு நன்றி. அத்தானை அலமாரி பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

உன்,
குட்டி


ஜூன் 24

குட்டி,

நாங்கள் நலம். சோப்பின் அளவு வரைக்கும் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் உன் படகில் ஒரு மனிதர்கூட இல்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் படகில் நீயும் எஞ்சினும்தான் போனீர்களா?

உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலமாக இருப்பீர்கள். நான் சரியாகத் தூங்கவில்லை. அதைத் தவிர நலம். நீ கேட்காவிட்டால் இதை எழுதியிருப்பேனா என்று தெரியாது.

கடைசி இருக்கையில் என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவளும் தனி, நானும் தனி. ஒரு சிரிப்போடு சரி. மணல்திட்டில் இறங்கும்போது தன் வில்லையை என்னிடம் நீட்டினாள். “இத கொஞ்சம் வெச்சிருக்கீங்களா? தண்ணியில விழுந்துட்டா வம்பு,” என்றாள். எட்டாம் எண். என்னுடையது ஒன்பது. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் திட்டின் மறுகோடிக்கு நடந்து போனாள்.

கிளம்பும்போது படகுக்காரர், எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டார். யாரோ வந்தாச்சு என்றார்கள். நான் காற்று வாங்க முன்னிருக்கைக்கு மாறிவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலுக்குப் பலர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைகளில் போட்டிருந்தார்கள்; அங்கே ஒன்று கூடுதலாகக் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

துறையில் இறங்கிப் பலகை முன்னால் நின்றேன். பையில் கையை விட்டேன், இரண்டு வில்லை. பலகையில் இரண்டு கொக்கி காலி. மாட்டினேன்.

அக்கா, உனக்கு இதை எப்படிச் சொல்வது? ஆய்வகத்தில் மாலையில் தட்டின் நாற்பத்தெட்டுக் குழியும் நிறைந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். குழி ஒன்று காலியாக இருந்தால் என் விரல் தானாகப் போய் நிரப்பும். மூன்று வருஷப் பழக்கம். அன்றைக்கும் விரல்தான் செய்தது. படகுக்காரர் பலகையைப் பார்த்தார், பன்னிரண்டும் இருந்தது, படகைக் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பேருந்தில் இரண்டு மணி நேரம் வந்த பிறகு, டிக்கெட்டைப் பையில் வைக்கும்போது உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி லாட்ஜுக்குத் தொலைபேசி செய்தேன். எல்லா அறைச் சாவியும் வந்துவிட்டது, யாரும் குறையவில்லை என்று விடுதிக்காரம்மா சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன். அவர் சொன்னதை நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

நான் ஒரு பெண்ணை ஆற்று நடுவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேனா? நீ சொல்.

குட்டி


ஜூலை 22

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவிடம் பாப்பாவின் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

லாட்ஜுக்கு எழுதினேன். பதில் வந்தது. அந்தச் சனிக்கிழமை படகுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு வந்த வாரங்களில் மணல்திட்டில் யாரும் இல்லை, ஒரு துணிகூட இல்லை. அப்படியானால் பன்னிரண்டாவது வில்லையை வாங்கியது யார் என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“காணாம போனவங்க பேரு?”

“தெரியாதுங்க.”

“காணோம்னு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல.”

“அப்ப யாருமே காணாம போகலயேம்மா.”

எனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டையும் மூன்று முறை எண்ணுகிறேன். மூன்று முறையும் ஒரே எண் வருகிறது. அதனால் எந்த நிம்மதியும் வரவில்லை. எண் சரியாக வருவதற்கும் ஆள் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

இரண்டு வரியாவது எழுது.

குட்டி


ஆகஸ்ட் 12

அன்புள்ள குட்டி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பாப்பாவுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு, பிறகு வழக்கம்போல எங்கள் இருவரையும்விட அதிகமாக முனகிக்கொண்டு உன் அத்தானுக்கு. இப்போது எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

இதை விட்டுவிடு. பதிவேட்டில் பெயர் இல்லை, தேடி வந்தவர்கள் யாரும் இல்லை, வேறு என்ன வேண்டும்? பக்கத்து ஊர்க்காரியாக இருக்கும், மீன் பிடிக்கிற தோணி எதிலாவது ஏறிப் போயிருப்பாள். வலது கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு அடுத்தவர்களிடம் மணி கேட்கிற அளவுக்குச் சாவதானமானவள், அவளுக்கா வழி தெரியாமல் போகும்?

நீ செய்தது தவறே இல்லை. யாராக இருந்தாலும் மாட்டியிருப்பார்கள்.

தூங்கு. சொட்டு மருந்து விடு.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

அவள் வலது கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். மணிக்கட்டின் உட்பக்கம். என்னிடம் மணியும் கேட்டாள், இரண்டு முறை.

இதை நான் உனக்கு எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

குட்டி


ஆகஸ்ட் 30

குட்டி,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இன்று இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் அத்தானும் அந்தப் படகில் போனோம். அத்தான் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் அவள். அதே நாற்பது வயது. அதே எட்டாம் எண். மணி கேட்டாள், சொன்னேன். உங்க கையிலயே கடிகாரம் இருக்கே என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வில்லையை வாங்கி வைத்துக்கொண்டேன். திரும்பும்போது அத்தானோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே இரண்டையும் மாட்டினேன்.

எனக்கு உன்னைவிடச் சீக்கிரம் உறைத்தது. அன்றைக்குச் சாயங்காலமே, டீ குடிக்கும்போது. அத்தானிடம் சொன்னேன். “பலகையில பன்னெண்டும் இருந்துச்சுல்ல? அப்புறம் உனக்கென்ன?” என்றார். அவர்மேல் பழி போடவில்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் அவரிடம் சொன்னேன். டீயைக் குடித்து முடித்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு வருகைப்பதிவு எடுக்கிறேன் என்று நீ கேலி செய்வாயே, அது அந்த வருஷம் ஆரம்பித்தது. பெயரைக் கூப்பிட்டு, குரல் வந்தால் எனக்குப் போதாது. தொட வேண்டும்.

இப்போது சொல்ல வேண்டியது. நீ களைத்திருக்கிறாய் என்பதற்காக மட்டும் உன்னை அங்கே அனுப்பவில்லை. அவள் இன்னும் இருக்கிறாளா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் போகத் தைரியம் இல்லை. உன் தொழிலே எண்ணுவது. நீ ஏமாற மாட்டாய் என்று நினைத்தேன். முன்கூட்டிச் சொன்னால் நீ போக மாட்டாய் என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று என்னைக் கேட்காதே.

ஏழு வருஷத்தில் அவளுக்கு ஒரு நரைகூட வரவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

மூன்று நாள் உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். கோபம் இருக்கிறது. ஆனால் கோபப்படும்போதெல்லாம் என் விரல் அந்தக் கொக்கியில் மாட்டியது ஞாபகம் வந்து பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அவள் யார், என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒன்று மட்டும் யோசித்தேன். நாம் இருவரும் அவளுக்குச் செய்த ஒரே காரியம் வில்லையை மாட்டியதுதான். மாட்டாமல் இருந்தால் கொக்கி காலியாக இருக்கும். காலியாக இருந்தால் படகு திரும்பப் போக வேண்டும். அவர்களே எழுதி வைத்திருக்கிற விதி. அதை ஒருத்தரும் இதுவரை செய்யவில்லை என்று நினைக்கிறேன். கையில் இருப்பதை உரிய இடத்தில் வைத்துவிடுவதுதான் எல்லாருக்கும் பழக்கம்.

இருபதாம் தேதி சனிக்கிழமைக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் தோழியின் கல்யாணம் என்று சொல்லியாகிவிட்டது. நீ ஒன்றும் உளறிவிடாதே.

பாப்பா நலமா?

குட்டி


செப்டம்பர் 14

அன்புள்ள குட்டி,

லாட்ஜில் ஆறாம் எண் அறையிலிருந்து எழுதுகிறேன். திட்டாதே. உன் கடிதம் வந்த அன்றே பதின்மூன்றாம் தேதிக்கு இடம் வாங்கினேன். உன்னை ஒருமுறை எனக்குப் பதிலாக அனுப்பியது போதும். அத்தானிடம் பாப்பாவை விட்டுவிட்டு வந்தேன். அவருக்கு அவளுடைய தலை பின்னத் தெரியாது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கோலத்தில் போகப்போகிறாளோ.

நேற்று ஒரு மணிக்குப் படகு. கடைசி இருக்கையில் நான் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கும்போது அவள் இருந்தாள். எப்போது ஏறினாள் என்று நான் பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் எனக்குக் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. அவள் அப்படியே இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மணி கேட்டாள். சொன்னேன். மணல்திட்டில் வில்லையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

துறைக்கு வந்ததும் என்னுடைய வில்லையை மட்டும் மாட்டினேன். மற்றதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். குட்டி, நீ சொன்னது எவ்வளவு சரி. கையே எனக்கு எதிராக இருந்தது. அந்தக் காலிக் கொக்கியைப் பார்க்கப் பார்க்க, மாட்டிவிட்டுப் போய்விடு, போய்விடு என்று உடம்பெல்லாம் அரித்தது.

படகுக்காரர், “எட்டு யாரு?” என்றார். மறுபடி கேட்டார். ஒரு குடும்பத்தலைவர், நேரமாகிறது, யாரோ தண்ணீரில் தொலைத்திருப்பார்கள், விடுங்கள் என்று சத்தம் போட்டார். படகுக்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் காலிக் கொக்கியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். பிறகு எஞ்சினைக் கிளப்பினார். நான் ஏறிக்கொண்டேன்.

அவள் திட்டின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பேருந்துக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். அவள் கை சாதாரணமாக, சூடாக இருந்தது.

“ரொம்ப நேரம் பண்ணிட்டீங்க,” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன சொல்ல? நான் முழங்கால்வரை நனைந்திருந்தேன், அவள் புடவைக் கரையில்கூட ஈரம் இல்லை. அதைப் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். வரும் வழியில் எனக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு பெண், ஆறு வயது என்றேன். “ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்,” என்றாள். கண்டிப்பாக என்றேன். அப்போது அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

துறையில் என் கையிலிருந்து வில்லையை எடுத்து அவளே மாட்டினாள். நெடுஞ்சாலைக்கு நடந்துபோய், கையைக் காட்டி ஒரு பேருந்தை நிறுத்தி ஏறினாள். என் கண்ணால் பார்த்தேன், குட்டி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். போய்விட்டாள்.

நேற்று ராத்திரி பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

நீ இனி இங்கே வர வேண்டாம். முடிந்துவிட்டது.

உன் அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொல்லாமல் போனதற்குத் தனியாகத் திட்டுவேன். இப்போதைக்கு இருபதாம் தேதி இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இல்லாத தோழியின் கல்யாணம் நின்றுபோனதில் அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

நானும் தூங்குகிறேன். நேற்று ஒரு தகட்டை ஒரே முறை எண்ணிவிட்டு எடுத்து வைத்தேன். பாப்பாவின் தலைப்பின்னல் என்ன ஆயிற்று?

உன் குட்டி


அக்டோபர் 8

அன்புள்ள குட்டி,

எல்லாரும் நலம், நிஜமாகவே நலம். அத்தான் பின்னிய பின்னலைப் பார்த்து வகுப்பு ஆசிரியை அவிழ்த்து மறுபடி பின்னி அனுப்பினார்களாம். உனக்கு ஒரு செய்தி: மே மாதம் பாப்பாவுக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது. அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே. டாக்டர், மனசை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இந்த வருஷம் அது முடிகிறது. உன் தயவு.

வகுப்பில் தலையைத் தொடாமல் வருகைப்பதிவு எடுக்கிறேன். பிள்ளைகள் ஏமாந்து போய்த் தாங்களே தலையை நீட்டுகிறார்கள்.

டிசம்பர் விடுமுறையில் பாப்பாவை அந்தப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். பயந்த இடத்துக்குச் சந்தோஷமாக ஒருமுறை போய்வந்தால்தான் முழுசாகத் தீரும் என்று தோன்றுகிறது. அத்தோடு வாக்கும் கொடுத்திருக்கிறேன். நீயும் வா. இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை. லாட்ஜுக்கு நீயே எழுதி இடம் சொல்லிவிடேன்.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 19

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

லாட்ஜ் படகுக்காரன் எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாக இருக்க வேண்டும். தாங்கள் டிசம்பருக்கு மூன்று இடம் கேட்டு எழுதிய கடிதம் ஆபீசில் இருந்தது. அதில் செப்டம்பரில் வந்துபோன அக்காவும் குழந்தை ஒன்றும் என்று போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். ஆபீசுக்குத் தெரியாது.

உங்கள் அக்கா வந்துபோன மறுவாரமே எட்டாம் நம்பருக்கு அதே கை நீண்டது. இத்தனை வருஷம் நான் கையைப் பார்த்துத்தான் வில்லை கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அன்று பார்த்தேன். உங்கள் அக்கா திட்டிலிருந்து கூட்டி வந்த அந்தம்மாதான். திரும்பி வந்ததும் ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் இரண்டு வில்லை மாட்டினார். கொக்கி நிறைந்திருந்தும் நான் படகைத் திருப்பினேன். திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டேன், வரவில்லை. “நீங்க கூப்பிட்டா நான் வரக்கூடாது. வில்லைய வாங்கினவங்க மாட்டாம வெச்சிருக்கணும்,” என்றார்கள். விட்டுவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை துறையில் வரிசையில் நிற்கிறார்கள். ஐந்து சனிக்கிழமை இப்படி ஆகிவிட்டது. வில்லை கொடுக்காமல் பார்த்தேன்; பிறகு எண்ணினால் எட்டாம் வில்லையும் போயிருக்கிறது. வருகிறவர்களிடம் மாட்டாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள்.

விட்டுவிட்டு வரும் நாளில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “அந்தம்மா பொண்ண எப்பக் கூட்டிட்டு வருவாங்க?” நேற்றுச் சொன்னார்கள்: “பெரியவங்க வில்லைய மட்டும் வாங்கிக்கிறாங்க. குழந்தைன்னா பக்கத்துல உக்காரும்.”

உங்கள் அக்கா கூட்டி வந்த அன்றைக்கு மட்டும் என்னிடம் எதுவும் கேட்காமல் பஸ் ஏறிப் போனார்கள். யாராவது கூட்டி வந்தால் அந்த வாரம் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

குழந்தையைக் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
படகுக்காரன்


அக்டோபர் 26

அன்புள்ள அக்கா,

புது வரவுச் செய்தி படித்து எங்கள் ஆய்வகத்தில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். காலை வாந்தி இருக்கிறதா? முதல் தடவை போலவே இப்போதும் சாம்பார் வாசனை பிடிக்கவில்லையா? அத்தானை அலமாரி நகர்த்தச் சொல்லு, நீ தொடாதே.

லாட்ஜுக்கு எழுதினேன். பதில் வந்துவிட்டது. படகை நிறுத்திவிட்டார்களாம். எஞ்சின் பழசாகிவிட்டது, வேறு வாங்குகிற உத்தேசம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பாப்பா ஏமாற வேண்டாம், டிசம்பரில் மலைப்பக்கம் போங்கள். நல்ல இடமாக நான் விசாரித்து வைக்கிறேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று யோசிக்காதே. அவள் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். உன்னை நினைத்துக்கொண்டா இருக்கப்போகிறாள்?

என் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். இனிமேல் சனிக்கிழமைகளில் எனக்கு வெளியூரில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன். அம்மாவிடம் ஆய்வகத்தின் புதுக் கிளை என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுதான் முதல் நாள். வேலை கடினம் இல்லை. கொஞ்ச நேரம் ஒரு பொருளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் என்ன சொன்னாலும் கீழே வைக்காமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். உள்ளங்கையில் வட்டமாக ஓர் அச்சு விழுந்திருக்கிறது, காலையில் பார்த்தேன். வலி இல்லை.

எவ்வளவு நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாராவாரம் யாராவது ஒருவர் போயாக வேண்டிய வேலை. வேறு ஆள் கிடைக்கவில்லை.

நீ நன்றாகத் தூங்கு. பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் குட்டி